பீலித் தண்ணீர்

பெரகல சந்தியில் இப்றாஹீமின் கடையில் ஒரு வெறுங்கோப்பி குடித்துவிட்டுக் கொஸ்லந்தப் பக்கம் இறங்குவது மத்தேயு உபதேசியாரின் சனிக்கிழமை வழக்கம். ஒருவரையொருவர் சீண்டாமல் இரண்டு பேருக்கும் பொழுது போகாது. அன்றைக்கு இப்றாஹீம் கோப்பியை வைக்கும்போதே சிரித்தார்.

"ஒங்கட கூட்டத்துக்கு நாளைக்குப் பெருநாளாமே உபதேசியார். எனக்கொரு வார்த்த சொல்லல்லியே."

"என்ன பெருநாள்?"

"வைரவன் கங்காணி நேத்து வந்து கடையில இருந்த வெள்ளத் துணி முழுக்க எடுத்துட்டுப் போனாரு. ஆம்புளைக்கு வேட்டியாம், பொம்புளைக்குச் சீலையாம். இன்னைக்கு யாராச்சும் மௌத்தானா சுத்துற கபன் துணிக்கு நான் பண்டாரவளைக்கு ஆள் அனுப்போணும்."

மத்தேயு கோப்பையை வாயருகே பிடித்தபடி நின்றார். "எதுக்குன்னு சொன்னாரா?"

"நாளைக்குப் பாதிரியார் வாராராம். கங்காணியும் அவர்ட கூட்டமும் ஒட்டுமொத்தமா வேதத்துல சேருறாங்களாம். சேக்கிற ஆளு நீங்க, என்னிட்டக் கேக்கிறீங்க."

மத்தேயு கோப்பையை மேசையில் வைத்தார். இப்றாஹீம் சிரிப்பை நிறுத்திவிட்டு மேசையைத் துடைத்தார். "எங்கட பள்ளிக்கு ஒருத்தன் கலிமா சொல்லிச் சேர வந்தா அவன்ட வாயாலதான் சொல்லோணும். கங்காணிட வாயால சொல்லேலாது. ஒங்கட சட்டம் எப்படியோ, எனக்குத் தெரியாது."

"எங்க சட்டமும் அதுதான்" என்று மத்தேயு சொன்னார். கோப்பி பாதியில் நின்றது.

ஊசிப்பாறைத் தோட்டத்துக்கு இறங்கும் பாதை முழுவதும் அவருக்கு உடம்பு எரிந்தது. நாளைக்குப் பாதிரியார் வருவது ஒரே ஒருத்திக்காக. அவள் பெயர் காத்தாயி. புருஷன் காய்ச்சலில் போன பிறகு கூலியாட்கள் குடியிருக்கும் ஐந்தாம் லயத்தின் கடைசி அறையில் தனியாக இருப்பவள், கொழுந்து பறிப்பவள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம் மத்தேயு அந்த லயத்து வாசலில் நின்று, திராட்சைத் தோட்டத்துக்கு வேலையாள் தேடிப் போன எசமானின் கதையைச் சொன்னார். வழக்கம்போல நாய்கள் கேட்டன, நாலைந்து பிள்ளைகள் கேட்டார்கள். தண்ணீர்க் குடத்தோடு கடந்துபோன காத்தாயி திரும்பி வந்தாள்.

"அந்தத் தோட்டத்துல கங்காணி இல்லையா?"

அந்தக் கேள்விக்கு மத்தேயு தயாராக இருக்கவில்லை. "ஆள் கூப்பிட எசமானே சந்தைக்குப் போனாரு" என்றார்.

"அவரேயா? நடந்தா?"

"ஆமா. விடியக்காலையில போனாரு, மத்தியானம் போனாரு, பொழுது சாயிற நேரத்துலயும் போனாரு."

"பொழுது சாயிற நேரத்துல வந்தவனுக்கு என்ன குடுத்தாரு? அரைப்பேரா?"

ஒரு நாள் வேலைக்கு முழுக்கூலி விழுந்தால் தோட்டத்தில் அது முழுப்பேர். கங்காணிக்கு மூஞ்சி பிடிக்காவிட்டால் அது அரைப்பேராகும்.

"முழுப்பேர்தான்" என்றார் மத்தேயு.

காத்தாயி குடத்தை இறக்கி வைத்தாள். "திரும்ப ஒருக்கா சொல்லுங்க."

அதற்குப் பிறகு அந்தக் கதை அவள் கையில் போய்விட்டது. பறிக்கிற நிரைகளுக்கு நடுவில் அவள் அதை மற்றப் பெண்களுக்குச் சொன்னாள். அவள் சொன்னதில் எசமான் தொப்பியில்லாத துரையானார். செருப்பும் இல்லாமல் சந்தையில் நின்று, "ஏன் தாயி சும்மா நிக்கிற?" என்று கேட்டார். மத்தேயு முதலில் திருத்தப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். அவர் எட்டு வருடம் கத்தியும் போகாத இடத்துக்கு அந்தத் தொப்பியில்லாத துரை போய்க்கொண்டிருந்தார். காத்தாயிக்கு எழுத்துத் தெரியாது. பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் காதால் கேட்டே படித்தாள். போன வருடம் ஞானஸ்நானம் கொடுத்திருக்க வேண்டியது. மண் சரிந்து பாதை அடைபட்டதால் பாதிரியார் வரவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடையது.

வைரவன் கங்காணி தகரம் போட்ட தன் வீட்டு முற்றத்தில் புதுக் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய தலைக்கங்காணி ஊரோடு போய்விட்டார், அந்த இடம் காலியாக இருந்தது. சீமையிலிருந்து புதிதாக வந்த துரைசானிக்கு வேதத்தில் பக்தி அதிகம் என்பது லயம் முழுக்கத் தெரியும். மத்தேயுவுக்கு இதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

"வாங்க உபதேசியாரே. கை தூக்குனா கக்கத்துல இழுக்குது, பாருங்க."

"இவங்கள்ல ஒருத்தருக்காவது இயேசு யாருன்னு தெரியுமா, கங்காணி?"

"பிற்பாடு நீங்க சொல்லிக் குடுங்க. அதுக்குத்தானே மிஷன்ல ஒங்களுக்குச் சோறு போடுறாங்க."

"தெரியாம எப்படிச் சேருவாங்க?"

"தெரிஞ்சா மலைக்கு வேலைக்கு வந்தாங்க?" வைரவன் கோட்டைக் கழற்றினான். "எட்டு வருசமா லயத்து வாசல்ல நின்னு தொண்டையக் கிழிச்சீங்க. ஒரு முண்டச்சி வந்தா. நான் முந்தாநாள் ஒரு சத்தம் போட்டேன், கூட்டம் பூராவும் வருது. யாரு நல்ல உபதேசி?"

"வரமாட்டேன்னு ஒருத்தன் சொன்னா?"

"சொல்லமாட்டான். சொன்னா, அடுத்த நாள் எந்த மலைக்கு அனுப்புவேன்னு அவனுக்குத் தெரியும்."

மத்தேயு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கட்டியிருக்காவிட்டால் அது எங்கே போயிருக்கும் என்று அவருக்கே நிச்சயமில்லை.

ஐந்தாம் லயத்துக்குப் பின்னால், பாறையிடுக்கில் கசியும் நீரைப் பிளந்த மூங்கிலால் பிடித்து விட்டிருந்தார்கள். பீலி என்பார்கள். காத்தாயி அங்கே கால் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கல்லில் புது வெள்ளைச் சீலை மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"இத அவருகிட்டயே குடுத்துருங்க உபதேசியாரய்யா."

"கங்காணி தந்ததா?"

"வாசல்ல போட்டுட்டுப் போனாரு. நாளைக்குப் பொம்பள வரிசையில நாலாவது ஆளா நிக்கணுமாம். பாதிரியார் எதக் கேட்டாலும் எல்லாரும் சேந்து ஆமாங்க சாமின்னு சொல்லணுமாம். நேத்து ராத்திரி தப்பட்ட அடிக்காத கொறையா எல்லாருக்கும் பழக்கிக் குடுத்தாரு." அவள் நிமிர்ந்தாள். "அந்தத் தொர தானே நடந்து வந்து கூப்புடுவாருன்னு சொன்னது யாரு? நீங்கதானே? இப்பக் கங்காணி கூப்புட்டு நிறுத்துறாரு. அப்ப நீங்க சொன்னது பொய்யா?"

"பொய்யில்ல."

"பொய்யில்லன்னா என்னையத் தனியாக் கேக்கச் சொல்லுங்க. எல்லாருக்கும் சேத்துச் சொல்லுற ஆமாங்க எனக்கு வேணாம். அது தெனமும் பெரட்டுல சொல்லுறதுதான்."

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எதற்கும் அந்த ஒரு பதில்தான். மத்தேயு பாதிரியாரிடம் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். காத்தாயி நம்பினாளா என்பது தெரியவில்லை. வெள்ளைச் சீலையை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் அப்புத்தளையிலிருந்து குதிரையில் இறங்கி வந்தார். துரை அவரை நேரே பங்களாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தேயிலை அரைக்கும் ஸ்டோரில்தான் சடங்கு; அதன் வாசலில் பாதிரியார் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்ட அந்தச் சிறு நேரத்தில்தான் மத்தேயுவால் அவரை நெருங்க முடிந்தது. பாதிரியார் மோசமான மனிதரல்ல. லயத்துக் காய்ச்சலுக்குத் தன் கையால் மருந்து கொடுத்தவர். ஆனால் பல வருடம் சிறு கூட்டங்களையே பார்த்துப் பார்த்துச் சோர்ந்திருந்தார். இன்றைக்கு உள்ளே நிற்கும் கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"ஐயா, இவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. கங்காணியின் பயத்தில் நிற்கிறார்கள்."

"ராஜாவைப் பின்பற்றிச் சபைக்குள் வந்த தேசங்கள் உண்டு, மத்தேயு. கதவுக்கு வந்தவர்களை நாம் துரத்துவதா?"

"காத்தாயியிடமாவது தனியாகக் கேளுங்கள். அவள் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள்."

"ஒருத்திக்கு மட்டும் வேறுபாடு காட்டுவது நல்லதல்ல" என்று சொல்லிவிட்டுப் பாதிரியார் உள்ளே போனார்.

ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தட்டுகளை ஒதுக்கி இடம் செய்திருந்தார்கள். துரையும் துரைசானியும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கவிழ்த்து வைத்த தேயிலைப் பெட்டிதான் மேசை. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால், பிள்ளைகள் ஓரமாக, பெரட்டில் நிற்கும் அதே ஒழுங்கு. எல்லோர் மேலும் ஒரே வெள்ளை. காத்தாயி மட்டும் வெளுத்துப்போன தன் கட்டம்போட்ட சீலையோடு நின்றாள்.

பாதிரியார் புத்தகத்தைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டார். "பிசாசையும் அவன் கிரியைகள் யாவற்றையும் வெறுத்துவிடுகிறீர்களா?"

"ஆமாங்க சாமி" என்று கூட்டம் ஒரே குரலில் சொன்னது. கூரைத் தகரம் அதிர்ந்தது. துரைசானி கைக்குட்டையை எடுத்தார்.

மத்தேயு பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர் ஏந்தி நின்றார். முதலில் வைரவன் முழங்காலிட்டான். கோட்டு கக்கத்தில் இழுத்தது. சாமுவேல் என்று பெயரிட்டுப் பாதிரியார் தண்ணீர் தெளித்தார். அடுத்து சடையன் வந்தான். வயதானவன், தோட்டத்துக்கும் ஊருக்கும் பல தடவை போய் வந்தவன். பாதிரியார் முன்னால் வந்ததும் அவன் தோளில் கிடந்த துண்டை விலக்கினான். இடது கையை நன்றாகத் திருப்பி மேல்பக்கம் தெரியும்படி நீட்டினான். கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பாதிரியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இவர் ஏன் கையை நீட்டுகிறார்?"

"பக்தி, சாமி" என்றான் வைரவன், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட. "ரொம்ப உருகிட்டான்."

பாதிரியாரின் கண்கள் நனைந்தன. மத்தேயு சடையனின் கையைப் பார்த்தார். மேல்கையில் பழைய வட்டத் தழும்புகள் வரிசையாக இருந்தன. கப்பலேறுமுன் அடைத்துவைக்கும் முகாமில் ஒவ்வொரு தடவையும் குத்தியவை. அங்கேயும் இப்படித்தான் வரிசையில் நிறுத்துவார்கள், தண்ணீர் ஊற்றுவார்கள், வெள்ளை உடுப்புப் போட்ட வெள்ளைக்காரர் வருவார். மத்தேயு வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்றவர்களில் பலர் இடது கையைத் துணிக்கு வெளியே எடுத்துத் தயாராக வைத்திருந்தார்கள். ஒரு பெண் தன் பிள்ளையின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணீர், மத்தேயு."

"அம்மை குத்தப் போவதாக நினைத்து நிற்கிறார், ஐயா."

பாதிரியார் சடையனிடம் குனிந்தார். "நீர் எதற்காக இங்கே வந்தீர்?"

சடையன் ஒரு கண்ணைத் திறந்தான். பாதிரியாரைப் பார்க்கவில்லை, கங்காணியைப் பார்த்தான். "ஆமாங்க சாமி" என்றான்.

துரை நாற்காலியிலிருந்தபடியே இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பாதிரியார் சுருக்கமாகப் பதில் சொன்னார். அவர் காது சிவந்திருந்தது. "தொடருவோம். பிறகு போதிப்போம். தண்ணீர்."

மத்தேயு பாத்திரத்தைக் கவிழ்த்தார்.

தண்ணீர் பலகைத் தரையில் பரந்து, இடுக்குகள் வழியாகக் கீழே இருந்த இயந்திரங்களின் மேல் சொட்டும் சத்தம் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் கால்களை இழுத்துக்கொண்டார்கள். துரை எழுந்துவிட்டார். வைரவன் வாயைத் திறந்தான். ஆனால் முதலில் பேசியது பெண்கள் வரிசை.

"அது யாரு தண்ணி, யாரு ஊத்துறது?"

காத்தாயி முன்னால் வந்தாள். மத்தேயு அவளுக்காகத்தான் கோபப்பட்டதாக அந்த நிமிடம் வரை நினைத்திருந்தார்.

"கங்காணி மேல கோவம்னா கங்காணிய அடிங்க. எந்தண்ணிய ஏன் கொட்டுனீங்க? ரெண்டு வருசமாக் காத்துக் கெடந்தது நீங்களா, நானா? அவரு என்னைய வரிசையில நிறுத்தி மறைக்கிறாரு. நீங்க கவுத்து ஊத்தி மறைக்கிறீங்க. ஆளாளுக்கு ஒங்க சண்டைக்கு எங்கழுத்துதானா கெடச்சிச்சு?"

அவள் பாத்திரத்தை மத்தேயுவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே ஸ்டோர்ப் பீலியில் பித்தளையின் மேல் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"விடுங்க சாமி. அவளுக்குக் கிறுக்கு" என்றான் வைரவன்.

"பேசாதிரும்" என்றார் பாதிரியார்.

காத்தாயி ததும்பும் பாத்திரத்தோடு வந்து அதைத் தேயிலைப் பெட்டியின் மேல் வைத்தாள். கைகளைச் சீலையில் துடைத்துக்கொண்டாள்.

"இப்பக் கேளுங்க சாமி. என்னைய மட்டும் கேளுங்க."

பாதிரியார் புத்தகத்தை எடுத்தார். "பிசாசையும் அவன் கிரியைகள் யாவற்றையும்..."

"ஆமாங்க சாமி" என்றது கூட்டம், பழக்கத்தில்.

காத்தாயி திரும்பினாள். "கொஞ்சம் சும்மா இருங்க. இது என்னையக் கேட்டது."

பெண்கள் பக்கத்தில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாதிரியார் புத்தகத்தை மூடி வைத்தார். இந்த முறை தன் சொந்த வார்த்தையில் கேட்டார். "உன்னை இங்கே அழைத்தது யார்?"

வைரவன் அவளையே பார்த்தான்.

"அவரேதான் வந்து கூப்புட்டாரு. நான் சந்தையிலதான் நின்னுக்கிட்டிருந்தேன் சாமி. பொழுதும் சாஞ்சிருச்சு, எவனும் கூப்புடல. கங்காணியும் கூப்புடல, இந்த உபதேசியாரும் கூப்புடல. இவரு கதைதான் சொன்னாரு. கூப்புட்டது அவரு."

துரைசானி துரையிடம் என்ன நடக்கிறது என்று கேட்டார். துரைக்குத் தெரியவில்லை. பாதிரியார் அங்கியின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டார். பிறகு அவளுக்குப் பவுலினா என்று பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். தெளிக்காமல், கை நிறைய அள்ளி மூன்று தடவை ஊற்றினார்.

சடையன் இன்னும் கையை நீட்டியபடியே இருந்தான். பாதிரியார் அவனிடம், "உமக்கு இது வேண்டுமா?" என்று கேட்டார். சடையன் கங்காணியைத் தேடினான். பவுலினா குறுக்கே வந்து நின்றாள். அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"சடையண்ணே, இது அம்ம குத்துறது இல்ல. வேணும்னா வேணும்னு சொல்லு. வேணாம்னா வேணாம்னு சொல்லு. ரெண்டுக்கும் இந்தச் சாமி ஒன்னையக் கடிக்கமாட்டாரு."

சடையன் யோசித்தான். கையைப் பார்த்தான். "குத்தலேன்னா நான் போறேன்" என்று துண்டைப் போர்த்திக்கொண்டு படிப் பக்கம் நடந்தான்.

அவனுக்குப் பின்னால் யாரும் உடனே போகவில்லை. பிறகு ஒருவன் இருமிக்கொண்டே போனான். பிள்ளையின் கையைத் துடைத்த பெண் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பின் வரிசை வரிசையாக இல்லை. வைரவன் படிக்கட்டை மறித்துக் கத்தினான். துரைசானி பார்க்கிறார் என்பது நினைவுக்கு வந்ததும் குரலைக் குறைத்துக் கெஞ்சினான். அது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை, சரியாக வரவில்லை. முடிவில் அந்த மாடியில் ஈரத் தலையோடு நின்றவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பவுலினா. இன்னொருவன் சாமுவேல் வைரவன்.

நடந்ததெல்லாம் நியாயமாக முடியவில்லை. மத்தேயு இனித் தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று துரை உத்தரவு போட்டார். பாதிரியார் துரையோடு வாதாடிப் பார்த்துவிட்டு, மத்தேயுவைப் பசறைப் பக்கம் மாற்றினார். வைரவனுக்குத் தலைக்கங்காணி வேலை கிடைத்தது. ஞானஸ்நானம் செல்லும், கோட்டும் இருந்தது, துரைசானிக்கு அது போதுமானதாயிருந்தது. மத்தேயு கடைசியாகப் பெரகல வழியாகப் போனபோது இப்றாஹீம் கோப்பிக்குக் காசு வாங்க மறுத்தார். "ஒங்கட சட்டமும் அதுதான்னு சொல்லியிருந்தீங்க. சரிதான்" என்று மட்டும் சொன்னார். மத்தேயுவுக்கு அதைக் கேட்டு ஆறுதல் வரவில்லை. அந்தத் தண்ணீரைக் கவிழ்த்தது தன் கை என்பதே மனதில் நின்றது.

ஞானஸ்நானத்துக்கு மறுநாள் பெரட்டில் வைரவன் பவுலினா என்று கூப்பிடவில்லை. "காத்தாயி, பாற மலை" என்றான். பாறை மலையில் செடி கரடுமுரடு, அட்டை அதிகம், கூடை நிறையாது. நிறையாத கூடைக்கு அரைப்பேர். அவள் தனியாகப் போனாள், அன்றைக்கும் அடுத்த நாளும். மூன்றாம் நாள் சடையனின் மருமகள் கங்காணியிடம் வந்து தானும் பாறை மலைக்குப் போவதாகச் சொன்னாள்.

"அங்க கொழுந்தே இல்ல, கழுத."

"பரவாயில்லங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தியும் கூடையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

இருவரும் பவுலினாவுக்கு இரண்டு பக்கத்து நிரைகளையும் பிடித்துக்கொண்டார்கள். காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சடையனின் மருமகள் கேட்டாள்.

"ஏக்கா, அந்தத் தொப்பியில்லாத தொர நம்ம கங்காணியயும் தோட்டத்துக்குள்ள விடுவாரா?"

பவுலினா பறித்துக்கொண்டே இருந்தாள். விரல்கள் தேவைக்கு மேல் வேகமாகப் போயின, கொழுந்தோடு முற்றிய இலையும் வந்தது. அதைப் பார்த்துப் பொறுக்கி வீசினாள்.

"அவனும் வந்தா விடுவாரு. முழுப்பேரும் போடுவாரு" என்றாள். "அதுதான் எனக்குப் பொறுக்கல."

சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.